உரம் விழுந்த கதை

மானகிரி நாகஜோதிக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவமே புகுந்த வீட்டுப் பொறுப்பு என்று ஆனது. அவள் அதற்குக் கவலைப்படவும் இல்லை. நாத்தனார் கீர்த்தி காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "நான் இருக்கேன்ல மதினி" என்று அவள் சொன்ன ஒரு சொல்லுக்காகவே அந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிரசவ அறையில் கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடப் பிறந்தவள்கூட இப்படி நிற்கமாட்டாள் என்று நாகஜோதி பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்தாள்.

மூன்றாம் வாரம், பிள்ளையின் தலை ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கழுத்தைத் தடவினால் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. மாமியார் சோலையம்மாள் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டாள்: உரம் விழுந்திருக்கிறது, கழுத்து நிற்காத பிள்ளையை இவள் தூக்கத் தெரியாமல் தூக்கிச் சுளுக்க வைத்துவிட்டாள். அவ்வளவுதான், பேச்சு தெரு முழுக்கப் போய்விட்டது. வந்தவர் போனவரெல்லாம் புத்தி சொன்னார்கள். நாகஜோதியும் அதை நம்பித் தொலைத்தாள். எந்தத் தடவை, எப்படித் தூக்கினோம் என்று தூக்கமில்லாமல் யோசித்தாள். பால் கொடுக்க மட்டும் பிள்ளை மடிக்கு வரும். குடித்து முடித்த கையோடு மாமியார் வாங்கிக்கொள்வாள்.

உரம் எடுப்பதென்று பழைய வேட்டியில் பிள்ளையைக் கிடத்தி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டினார்கள். ஒரு பக்கம் சோலையம்மாள் பிடித்தாள். மறுபக்கம் பிடித்தது கீர்த்தி. பிள்ளை வீறிட்டு அழுதது.

அப்படியும் கட்டி கரையாததால் கணவன் பாண்டியராஜனும் அவளும் குழந்தை டாக்டரிடம் போனார்கள். பிரசவம் சிரமமாக இருந்ததா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. தூக்கியதால் வந்ததல்ல இது, வெளியே எடுக்கும்போதே கழுத்துத் தசை இழுபட்டுக் காயமாகியிருக்கிறது என்றார். இனிமேல் உருட்டவே கூடாது, சொல்லித்தரும் பயிற்சியைத் தினமும் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். நாகஜோதி அங்கேயே அழுதுவிட்டாள். இனி யார் கேட்டாலும் நானே சொல்கிறேன் என்று ஆட்டோவில் பாண்டியராஜன் தேற்றிக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்து கீர்த்தியைக் கேட்டார்கள். அவள் மழுப்பவில்லை. தோள் சிக்கிக்கொண்டதையும், தலையைப் பிடித்துப் பலமாக இழுத்ததையும் பக்கத்தில் நின்று பார்த்ததாக ஒத்துக்கொண்டாள்.

"சொன்னா, அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனவ இவதானேன்னு பழி எம்மேல வரும் மதினி. நீங்க பெத்தவுக. உங்கள யாரு என்ன செஞ்சிருவாக?"

பெற்றவளை என்ன செய்தார்கள் என்று அதே வீட்டில் சோறு தின்றுகொண்டு பார்த்தவள்தான் இப்படிக் கேட்டாள். சோலையம்மாளோ மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீர்த்தியைப் பெண் பார்க்கச் சிங்கம்புணரியிலிருந்து வரப்போகிறார்கள், இந்த நேரத்தில் நீ மூச்சு விடாதே என்று மருமகளைத்தான் அடக்கினாள்.

அவர்கள் வந்த அன்று, மாப்பிள்ளையின் தாய் பிள்ளையைக் கொஞ்ச வாங்கினாள். கழுத்து ஏன் இப்படிச் சாய்ந்திருக்கிறது என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். நாகஜோதி கணவனைப் பார்த்தாள். அவன் தங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, சிரித்த முகமாகச் சொன்னான்.

"உரம் விழுந்துருச்சுங்க. இவளுக்குப் பிள்ளை தூக்கத் தெரியாது."

நாகஜோதி பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள். அந்த அம்மாள் அவளைப் பாவமாகப் பார்த்துவிட்டு, கீர்த்தி பக்கம் திரும்பினாள்.

"நீதான் நர்சாச்சே. நீ வாங்கிக்கம்மா."

கீர்த்தி வாங்கிக்கொண்டாள்.