அம்மா வாங்கிய கோதுமை மா

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் காலைச் சாப்பாடு என்றால் கோதுமை மா ரொட்டிதான். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. அதனால் குருவிட்டப் பக்கத்து மலையில் ஒரு வீட்டில் எத்தனை ரொட்டி சுடலாம் என்பதை ஆஸ்திரேலிய மழை, கருங்கடல் துறைமுகம், கப்பல் வாடகை, டொலர் விலை ஆகியவை சேர்ந்து முடிவு செய்கின்றன. இவற்றைத் தினமும் கவனித்து அட்டவணை போடுவது என் வேலை. கோதுமை இறக்குமதி செய்யும் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே செய்கிறேன்.

சிக்னல் கிடைப்பது வாசல் பக்கத்து ஜன்னலோரம் மட்டும். மேசையை அங்கே போட்டிருக்கிறேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்க்கலாம்.

விலை விஷயத்தை வெளியே பேசமாட்டேன் என்று சேரும்போதே கையெழுத்துப் போட்டிருந்தேன். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் யாராவது கேட்பார்கள்.

"மா வெல ஏறப் போகுதா, புள்ள?"

"தெரியாதுங்க."

"அப்ப நாள் பூரா ஒக்காந்து என்னத்தப் பாக்குற? நாடகமா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். கொழும்பில் இருப்பவர்கள் என்னோடு கோதுமையைப் பற்றி மட்டும் பேசினார்கள். இங்கே இருப்பவர்களோடு நான் அதைத் தவிர எதையும் பேசலாம், ஆனால் அவர்களுக்கு வேண்டியது அது மட்டும்தான். சில நாட்களில் அம்மாவைத் தவிர யாரோடும் ஒரு முழு வாக்கியம் பேசியிருக்கமாட்டேன்.

நான் வாய் திறக்காததால் அவர்கள் அம்மாவைக் கவனிக்கத் தொடங்கியிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கிலோக் கணக்கில் மா வாங்க அடிக்கடி பஜாருக்கு இறங்கி ஏற முடியவில்லை. ஒருநாள் சாயங்காலம் முழு மூட்டையாக வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். லயத்து ஆட்கள் வேலை முடிந்து வாசலில் நிற்கும் நேரம். அடுத்த நாள் பஜாரில் கடைக்கார நானாவிடம் மா தீர்ந்துவிட்டது. இரத்தினபுரியிலிருந்து மறுபடி இறக்கினார். அதுவும் தீர்ந்தது.

எதிர்பார்ப்பு தேவையைக் கூட்டும், தேவை விலையைக் கூட்டும் என்று படித்திருக்கிறேன். அந்தப் பாடத்தில் யாருக்கும் முழங்கால் இருக்கவில்லை.

விலை ஏறப் போவதில்லை. குறைந்த விலைக்கு வாங்கிய கோதுமை கப்பலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது, டொலரும் கொஞ்சம் தணிந்திருந்தது. கம்பனி விலையைக் குறைக்கப் போகிறது என்பது எனக்குத் தெரியும்.

பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த அக்கா ரொட்டி சுட்டு, காரமான கட்டச்சம்பலோடு, மாணிக்கக்கல் தோண்டும் குழி ஆட்களுக்கு விற்பவர். காதுத் தோட்டை அடகு வைத்து மூன்று மூட்டை வாங்கப் போவதாக யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது சுவர் வழியாகக் கேட்டது. அவர் வீட்டில் தங்கம் என்று இருந்தது அந்தத் தோடு மட்டும். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தபடி இருந்தேன். பிறகு எழுந்து அவர் வாசலுக்குப் போனேன்.

"அக்கா, மூட்ட வாங்காதீங்க. வேண்டியத மட்டும் அப்பப்ப வாங்குங்க."

"ஏன்?"

"வெல எறங்கும்."

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன். அக்கா எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அப்ப ஒங்க வீட்டுல எதுக்கு மூட்ட?"

"அம்மாவுக்கு முழங்கால் வலிங்க. நடக்க முடியல."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "வலிக்குத் தைலம் பூசுவாங்க. மாவையா பூசுவாங்க?"

"நெஜமாத்தான் அக்கா."

"போ புள்ள, போ. நீ சொல்றது பொய்யா இருக்கலாம். ஒங்கம்மா குடுத்த காசு பொய்யா?"

வேலை போகுமோ என்று அன்று முழுவதும் பயந்தேன். பயந்திருக்கத் தேவையில்லை. நான் வெளியே விட்ட இரகசியத்தை யாரும் எடுத்துக்கொள்ளவே இல்லை. அக்கா மூன்று மூட்டை வாங்கினார்.

விலை குறைந்த செய்தி டிவியில் வந்தது. அதே சமயம் மழையும் பிடித்துக்கொண்டது. குழிகளில் தண்ணீர் நிறைந்து வேலை நின்றது, குழி ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மாவின் விலையும் போனது, ரொட்டி வாங்குகிறவர்களும் போனார்கள். இந்த இரண்டாவதை என் அட்டவணையில் போட இடமே இல்லை.

ஈரத்தில் மூட்டையில் வண்டு விழத் தொடங்கியது. நான் போனபோது அக்கா தரையில் உட்கார்ந்து மாவைச் சலித்துக்கொண்டிருந்தார். காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தது.

"ஒரு மூட்டைய நாங்க எடுத்துக்கிறோம் அக்கா. நீங்க வாங்குன வெலைக்கே."

"கடையில கொறைச்சுக் குடுக்கையில எங்கிட்ட எதுக்கு? பாவம் பாக்குறியா?"

"இல்லங்க, நான் அன்னைக்கே..."

"சொன்ன. வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போயிட்ட. அவ்வளவு நெச்சயமாத் தெரிஞ்சவ என் கையப் புடிச்சு நிறுத்தியிருக்கணும்."

அவர் சலித்துக்கொண்டே இருந்தார். இன்னொரு அரிதட்டு இருக்கிறதா, நானும் சலித்துத் தருகிறேன் என்று கேட்டேன்.

இல்லை என்றார். அது அவர் தலைக்கு மேலே, சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.