கொளஞ்சியப்பன் வண்டிக் கதவு

பழைய பல் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து, வேன் கதவு ஓடும் தடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார் கொளஞ்சியப்பன். மஞ்சக்குப்பத்தில் அந்தத் தெரு விழிப்பதே இந்தச் சரக் சரக்கில்தான். தேய்த்து, துடைத்து, வாயால் ஊதிவிட்டுப் பொத்தானை அமுக்குவார். கதவு தானாக நகர்ந்து திறக்கும். இன்னொரு முறை அமுக்கினால் தானாகச் சாத்திக்கொள்ளும். அப்படியும் மனுஷருக்குத் திருப்தி வராது. ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

நெல்லிக்குப்பத்தில் கரும்பு லாரி ஓட்டியவர். சுனாமிக்கு அடுத்த வருஷம், புதுச்சேரி ஓட்டல் ஒன்று கழித்துக்கட்டிய இந்த வெளிநாட்டு வேனை வாங்கியதே கதவுக்காகத்தான். மகள் சந்திரலேகாவுக்குத் தசை தேயும் நோய். சக்கர நாற்காலிதான் கால். சிதம்பரத்தில் கல்லூரி. நாற்காலியில் இருந்தபடியே கதவின் கைப்பிடியில் உள்ள பொத்தானை அமுக்கி அவளே திறப்பாள். தூக்கி உட்காரவைப்பது மட்டும் அப்பா. "எம் பொண்ணு கதவத் தொறக்க யாரையும் கூப்புடாது" என்று சொல்லும்போது மனுஷருக்கு மீசை ஒரு சுற்று ஏறிக்கொள்ளும். மகளை இறக்கிவிட்டபின், மாலைவரை கோயிலுக்கு வருகிறவர்களைச் சவாரி ஏற்றுவார். எவராவது கதவைப் பிடித்து இழுத்தால் தொலைந்தார். "கைய எடுங்க சார். கல்யாணப் பொண்ணு மாதிரி, அதுவே மெதுவா வரும்."

போன ஆயுத பூஜை விடுமுறை முடிந்த மறுநாள் சந்திரலேகா அமுக்கினாள். கதவு அசையவில்லை. வண்டி முழுக்கச் சந்தனமும் குங்குமமும் வைத்தவர் மனைவி அமராவதி. பொத்தானையும் அவர் விட்டுவைக்கவில்லை. கொளஞ்சியப்பனுக்கு வந்ததே கோபம். "சந்தனம் உள்ள போயி கெட்டியாயிடுச்சி. இங்கல்லாம் பொட்டு வெக்கச் சொல்லி ஒன்ன யாரு கேட்டா?" அமராவதி ஊசியால் சுரண்டி எடுத்தார். கொளஞ்சியப்பன் அமுக்கினார், திறந்தது. மகள் அமுக்கினாள், திறக்கவில்லை.

அன்றைக்குப் பிடித்தது சனி. முதுநகர், சேத்தியாத்தோப்பு என்று பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். கடைசியில் மெக்கானிக் ஆண்டி கதவின் உள்பலகையையே கழற்றிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான். "மாமா, நான் அமுக்குனா தொறக்குது. நீங்க அமுக்குனா தொறக்குது. மோட்டாரும் நல்லாத்தான் இருக்கு. பாப்பா வெரலுலதான்..."

"வாய மூட்றா. வேல தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

கால்களுக்குப் பிறகு கைகள் என்று டாக்டர் எப்போதோ சொன்னது அவர் காதை விட்டுப் போகவில்லை. ஆனால் கதவில் கோளாறு என்றால் கழற்றி மாட்டிவிடலாமே. அந்த ஒரு நப்பாசையில்தான் மனுஷர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். நடராஜர் சந்நிதியில் நின்று, வண்டி ரிப்பேராக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்ட டிரைவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். சாமியும் அதற்குச் செவிசாய்க்கவில்லை.

இப்போதெல்லாம் மகள் பொத்தானை அமுக்கும்போது அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். சாவியோடு வந்த ரிமோட் சட்டைப்பையில் இருக்கிறது. அவள் விரல் பொத்தானைத் தொட்டதும் பைக்குள் இவருடைய கட்டைவிரல் அமுக்கும். கதவு திறக்கும். "பாத்தியா பாப்பா, மண்ணெண்ண போட்டதும் எப்படி ஓடுது" என்பார். அமராவதி ஏதோ வேலை இருப்பதுபோல வீட்டுக்குள் போய்விடுவார்.

போன திங்கட்கிழமை சந்திரலேகா கையை நீட்டினாள். பொத்தானை எட்டும் முன்பே கை சோர்ந்து மடியில் விழுந்தது. பின்னால் நின்ற கொளஞ்சியப்பனுக்கு அது தெரியவில்லை. வழக்கமான கணக்கில் பைக்குள் அமுக்கிவிட்டார். கதவு நகர்ந்து முழுசாகத் திறந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திறந்த கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு நல்லா வேல செய்யுதுப்பா" என்றாள். பிறகு, மடியில் விழுந்து கிடந்த கையின் மேல், இன்னொரு கையால் துப்பட்டாவை மெல்ல இழுத்து மூடிக்கொண்டாள்.