பச்சைக் காரின் தரைப்பலகை

என் வீட்டுக்காரர் மாணிக்கராஜுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் விருதுநகரில் யார் பழைய கார் வாங்கினாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். உயர்நிலைப் பள்ளியில் அவர் இங்கிலீஷ் வாத்தியார். நான் அதே பள்ளியில் கீழ் வகுப்பு டீச்சர். காரின் ஆர்.சி. புத்தகத்தை வைத்துக்கொண்டு, அது யார் யார் கை மாறி வந்தது என்று ஊர் ஊராகப் போய் விசாரிப்பார். எஞ்சின் நம்பரைப் போட்டுச் சீமைக் கம்பெனிக்குக் கடுதாசி எழுதி, செய்தபோது என்ன நிறம், என்ன டயர், பாட்டரி எங்கே இருந்தது என்றெல்லாம் பதில் வாங்குவார். அத்தனையையும் மணிமணியான கையெழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக் கொடுப்பார். கூலி ஒரு காப்பி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அடுத்தவன் காருக்கு ஜாதகம் எழுதுனது போதும், ரேஷன் கடைக்குப் போயிட்டு வாங்க" என்பேன். சிரிப்பார், அவ்வளவுதான்.

1964-ல் சண்முகவேல் முதலாளி தன் மகள் கல்யாணத்துக்காக ஒரு கார் வாங்கினார். 1937-ல் செய்த சீமைக் கார். சிவகாசிப் பக்கம் அவருக்குப் பட்டாசுக் கம்பெனி. எங்கள் பள்ளிக் கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். மகள் பொன்னுத்தங்கம் என்னிடம் அ, ஆ படித்தவள்.

"வாத்தியாரே, ஜமீன் காருன்னு சொல்லிக் குடுத்தாக. நெசமான்னு பாத்துச் சொல்லுங்க. கல்யாணத்தன்னைக்கு அது செஞ்சப்போ இருந்த மாதிரியே நிக்கணும்" என்றார்.

மூன்று மாதத்தில் சீமையிலிருந்து பதில் வந்தது. செய்தபோது கரும்பச்சையாம். சண்முகவேல் மேலே இருந்த கருப்புப் பெயிண்டைச் சுரண்டிவிட்டு உடனே பச்சை அடித்துவிட்டார். ஜமீன் கதையும் உண்மைதான். ஜமீனிடமிருந்து ஒரு டாக்டருக்கும், டாக்டரிடமிருந்து சாத்தூர்ப் பஞ்சு வியாபாரிக்கும் போயிருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. காரின் தரை இரும்புத் தகடு என்று கடிதத்தில் இருந்தது. இந்தக் காரிலோ விரிப்புக்கு அடியில் தேக்குப் பலகை, சாம்பல் பூத்த நிறத்தில். என் வீட்டுக்காரர் டாக்டரையும் கேட்டார், சாத்தூருக்கும் போனார். தங்களிடம் இருந்தவரை தகடுதான் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது கடைசி உடைமைக்காரர், ஏழாயிரம்பண்ணை சீனிச்சாமி. அவரும் சின்னதாகப் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தவர்.

"பலகைதானே, இருந்துட்டுப் போகுது விடுங்க" என்றேன். கேட்டால்தானே! கல்யாணத்துக்கு முதல் நாள் பஸ் ஏறிப் போனவர் ராத்திரி திரும்பவில்லை.

மறுநாள் காலையில் பொன்னுத்தங்கம் மாலையும் கழுத்துமாகக் காரில் ஏறினாள். டீச்சரும் வரணும் என்று அடம்பிடித்து என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். எனக்கு ஒரே பெருமை. தெருமுனைக்குத் தெருமுனை சரவெடி. அது வெடித்து முடிகிறவரை கார் எஞ்சின் ஓடியபடியே நிற்கும், பிறகு ஊரும். வெறுங்காலுக்கு அடியில் விரிப்பையும் மீறிப் பலகை சுட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது முனையில் இவர் காருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். சட்டையெல்லாம் புழுதி. "எறங்குங்க! இன்பம், பிள்ளையக் கூட்டிட்டு எறங்கு!" என்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார். வகுப்பில்கூடக் குரல் உயர்த்தாத மனிதர். எனக்கு மானம் போயிற்று.

"கிறுக்குப் புடிச்சிருக்கா வாத்தியாரே? மாலை போட்ட பிள்ளையை நடுத்தெருவுல எறக்குனா விளங்குமா?" என்று சண்முகவேல் பாய்ந்தார்.

இவர் கதவைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, பேனாக்கத்தியால் பலகையின் ஓரத்தில் ஒரு சிம்பு பெயர்த்தெடுத்தார். தூரமாகப் போய்த் தீக்குச்சியை உரசி அதில் வைத்தார். சிம்பு சீறிக்கொண்டு வெள்ளையாக எரிந்தது.

அந்தத் தெருவில் நின்ற எல்லோரும் வெடிமருந்தோடு பிழைக்கிறவர்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சரவெடிக்குத் தீ வைக்கக் குனிந்தவன் ஊதுபத்தியை மண்ணில் தேய்த்து அணைத்தான். பொன்னுத்தங்கம் தானாகவே இறங்கி மண்டபம்வரை நடந்தாள்.

ஏழாயிரம்பண்ணையில் நடந்ததை அன்று மத்தியானம்தான் சொன்னார். காரை விற்ற பிறகு சீனிச்சாமி செத்துப்போய்விட்டாராம். அவர் பெண்சாதி மூக்கம்மாள் சொல்லியிருக்கிறாள்: "தகடு துருப்புடிச்சு ஓட்டையாப் போச்சு சார். கம்பெனியில மருந்து சலிக்கிற மேசையைப் பிரிச்சோம். நல்ல தேக்கு, வீணாப் போகுதேன்னு காருக்கு அடிச்சாக. மிச்சப் பலகையை நான் அடுப்புல வச்சேன்." சொல்லிவிட்டு முக்காட்டை விலக்கினாளாம். இடது காது இல்லை. கன்னம் முழுக்கச் சுருங்கிக் கிடந்ததாம். மறு வாரமே காரை விற்றிருக்கிறார்கள். "சொன்னா யாரு சார் வாங்குவாக?" என்றாளாம்.

எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. பட்டாசுக்காரர் வீட்டில் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். இருபது வருஷம் மருந்து குடித்த பலகை, அதற்கு நேர் அடியில் புகைக்குழாய்.

"பட்டாசு சீசன் முடியட்டும், பலகையைப் பிரிச்சு எறிஞ்சிருதேன்" என்றார் சண்முகவேல். எறியவில்லை. பலகையை மாற்றினால், காரை வாங்க வருகிறவர்கள் ஏன் மாற்றினாய் என்று கேட்பார்களாம். ஒரே மாதத்தில் புரோக்கர் வழியாக எந்த ஊருக்கோ விற்றுவிட்டார். ஜமீன் கார், சீமைக் கம்பெனியே சொன்ன பச்சை நிறம் என்று இவர் எழுதிய நோட்டைக் காட்டித்தான் நல்ல விலைக்குப் போயிருக்கிறது. பலகையைப் பற்றி எழுதியிருந்த கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுத்திருக்கிறார்.

அந்தக் காரின் தரைப்பலகை ஆபத்து என்று இவர் பேப்பரில் அறிவிப்புக் கொடுக்கப் போனார். நான்தான் வழிமறித்தேன். "முதலாளி பேரைச் சந்தி சிரிக்க வைக்கப் போறீகளா? நம்ம ரெண்டு பேரு வேலையும் அவரு கையில இருக்கு. வாயை மூடிக்கிட்டுச் சும்மா இருங்க" என்று கத்தினேன். சும்மா இருந்தார். ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

1966 சித்திரையில் பேப்பரில் நாலு வரிச் செய்தி. திண்டுக்கல் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த கார் எரிந்தது, இரண்டு பேர் சாவு, காரணம் தெரியவில்லை. கார் நம்பர் போடவில்லை. இவர் முதல் பஸ்ஸில் போனார். அதற்குள் காரைப் பழைய இரும்புக்கு எடுத்துப் போய்விட்டார்கள். ரோட்டில் கருகல் மட்டும் இருந்ததாம். டீக்கடைக்காரர் சொன்னாராம்: "டமார்னு ஒரே சத்தம். பழைய காருதான், ஆனா அழகான பச்சை."

"பச்சைக் கார் ஊர்ல ஆயிரம் இருக்கும்" என்றேன்.

"இருக்கும்" என்றார்.

அதோடு யார் காருக்கும் அவர் எழுதுவதில்லை. போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது அந்தக் காரைப் பற்றி அவர் தனக்கென்று வைத்திருந்த குறிப்பு நோட்டு கையில் அகப்பட்டது. வழக்கம்போல உடைமைக்காரர்கள் பெயர் வரிசை. அதன் பின்பக்கத்தில் இன்னொரு வரிசை: 'தெரிந்தும் சொல்லாதவர்கள்.' சீனிச்சாமி, மூக்கம்மாள், சண்முகவேல், மாணிக்கராஜ். நாலே பேர். என் பெயரை விட்டிருந்தார். பாவி மனுஷன், அதிலும் என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். மேசையில் இருந்த அவர் பேனாவை எடுத்து ஐந்தாவதாக என் பெயரை நானே எழுதினேன்.