முத்தாயி சொன்ன விலாசம்

முகத்தைப் பார்த்தால் முத்தாயி சீனப் பெண்; வாயைத் திறந்தால் சுவா தோட்டத்து அசல் தமிழச்சி. பிறந்த சில நாளிலேயே பெற்றவள் அவளை, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவும் மங்கம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அந்தக் காலத்தில் தோட்டப்பக்கம் இது பெரிய அதிசயமில்லை. மங்கம்மா பிள்ளைக்குக் காது குத்தி, மாரியம்மனுக்கு மொட்டை போட்டு வளர்த்தாள். சாகும் முன் ஒன்றை மட்டும் சொன்னாள்.

"உன்னப் பெத்தவ சிரம்பான் மலையில இருக்கிற சீனக் கோயில்ல கும்பிட்டுட்டு, அந்தப் படியிலதான் உன்ன என் மடியில போட்டா. அழுதுகிட்டே போனா."

அன்றிலிருந்து, சீனர்கள் புத்தரைக் கும்பிடக் கோயிலில் கூடும் விசாகம் வந்தால் முத்தாயிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது; அந்த மலைக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவாள். இப்போது சுங்கை காடுட்டில் மகன் வீட்டில் இருக்கிறாள்; பேரப்பிள்ளைகளும் எடுத்தாயிற்று. ஏக்கம் மட்டும் விடவில்லை. பெற்றவளை ஒரு தடவை பார்க்க வேண்டும். இல்லையென்றால், தான் நன்றாக இருப்பதையாவது அவளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

இந்த வருஷம் முழங்கால் மக்கர் பண்ணியது.

"படி ஏற முடியாதுலா அத்தை, கீழேயே கும்பிடுங்க" என்றாள் மருமகள் புனிதா.

சொன்னால் கேட்கிற ஜென்மமா? கைப்பிடியைப் பிடித்து ஏறியேவிட்டாள். புனிதா புலம்பிக்கொண்டே பின்னால் வந்தாள். அந்தப் பழைய கோயிலுக்கு வந்திருந்த கிழவிகளை எல்லாம் முத்தாயி உற்று உற்றுப் பார்த்தாள். பிறகு சீனர்கள் கருணைத் தாயாகக் கும்பிடும் குவான்யின் தேவிக்கு ஊதுபத்தி கொளுத்தி, சட்டியில் இருந்த சாம்பலை எடுத்து நெற்றியில் பட்டையாகப் பூசினாள்.

கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த பெண் சீனத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். முத்தாயி புரியாமல் கையை விரித்ததும் மலாய்க்கு மாறினாள். இங்கே சாம்பல் பூசுவதில்லையாம். பேரையும் வீட்டு விலாசத்தையும் தேவியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம்; இல்லாவிட்டால் கேட்டது யார், எங்கே இருக்கிறார் என்று தேவிக்கு எப்படித் தெரியும்?

முத்தாயிக்குப் பகீரென்றது. இத்தனை வருஷமும் பேர் சொல்லாமலே கும்பிட்டிருக்கிறாள். இன்று சொல்லலாம் என்றால், முத்தாயி என்ற பேர் பெற்றவளுக்குத் தெரியாதே! அவள் வைத்த பேரும் இவளுக்குத் தெரியாது.

கண்ணை மூடித் தமிழிலேயே வேண்டினாள்: "தாயே, உங்க கோயில் படியில மங்கம்மா மடியில போட்ட பிள்ள வந்திருக்கேன். மங்கம்மா என்ன நல்லாத்தான் வளர்த்தா. பெத்தவகிட்ட சொல்லுங்க, இனிமே அழ வேணாம்னு."

பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"புனிதா, நம்ம வீட்டு நம்பரச் சொல்லுலா. வெறும் சுங்கை காடுட்டுன்னா பெத்தவ எப்படித் தேடி வருவா?"