நான் ஜெபித்து ஜெயித்த ஆட்டம்

எங்கள் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நடந்ததே என்னுடைய ஜெபத்தால்தான் என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

அப்போது நாங்கள் ஆவடியில் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அங்கே அதிகாரிகள் கிளப்புக்குப் பின்னால் ஒரு ஸ்குவாஷ் கோர்ட். நான்கு பக்கமும் உயரமான வெள்ளைச் சுவர், ஒரு சின்னக் கதவு. வேடிக்கை பார்க்க வேண்டுமானால் வெளியே இருக்கும் இரும்புப் படியில் ஏறி, பின்சுவருக்கு மேலே உள்ள மாடத்தில் நின்று, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். உள்ளே இரண்டு பேர் ஒரு ரப்பர் பந்தை ஒரே சுவரில் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருப்பார்கள். "அந்தச் செவுரு இன்னா பாவம் பண்ணிச்சு?" என்பாள் அம்மா.

டூல் ரூமில் தொழிலாளியாக வேலை பார்த்த சித்தப்பாவை அந்த கோர்ட்டுக்குள் விட்டதே அதிகாரிகள் அணிக்கு ஆள் குறைந்ததால்தான்.

கொரட்டூரில் பெண் பார்க்கப் போனபோது இந்த ஸ்குவாஷ் அவர் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. பெண்ணின் அப்பா ரயில்வே கார்டு. அதிகம் பேசமாட்டார், கொடியை ஆட்டியே பழகியவர். சாயங்காலத்தில் மாப்பிள்ளை என்ன செய்வார் என்று கேட்டார். "ஸ்குவாஷ் ஆடுவேங்க. எங்க கோர்ட்டுல இதுவரைக்கும் தோத்ததே இல்லீங்க" என்றார் சித்தப்பா. நான் முறுக்கைக் கடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அதற்கு முந்தின வாரம்தான் அதே கோர்ட்டில் தோற்றுவிட்டு வந்து, கோபத்தில் ராத்திரிச் சாப்பாடு வேண்டாமென்று படுத்திருந்தார். அவர் பங்கு முட்டைப் பொரியலைச் சாப்பிட்டவள் நான்; எனக்குத் தெரியாதா?

"சனிக்கெழமகூட சிட்டி கிளப்போட மேட்ச் இருக்குதுங்க" என்று சித்தப்பா மேலும் ஒரு குழி தோண்டினார்.

"அப்படியா? வந்து பாக்கறோம்" என்றார் கார்டு. வாசல் வரை வந்து அப்பாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "வாய் நீளமா இருந்ததால ரெண்டு பையனுங்கள ஏற்கெனவே திருப்பி அனுப்பிட்டேன் தம்பி. தப்பா நெனச்சிக்காதீங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சித்தப்பா வெறும் கையை வீசி வீசி இல்லாத பந்தை அடித்துக்கொண்டே வந்தார். அவருக்கு அந்தப் பெண்ணை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

சனிக்கிழமை நல்ல மழை. சாரலுக்காக மாடத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே கார்டு, அவர் மகள், நாங்கள், டூல் ரூம் ஆட்கள் எல்லாரும் பிட்டு போல வெந்துகொண்டிருந்தோம். நான் பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, அணியின் மேனேஜர் என்று என்னை நானே நியமித்துக்கொண்டு விதிகளை விளக்க ஆரம்பித்தேன். அவள் ஊதாக் கரை போட்ட கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

மொத்தம் மூன்று ஆட்டம். முதலாவதில் எங்கள் ஆள் தோற்றார். இரண்டாவது நடக்கும்போது கூரை இடுக்கில் குடியிருந்த புறாவின் இறகொன்று சுழன்று சுழன்று கோர்ட்டில் விழுந்தது. மாடத்தில் நின்று பாயிண்ட் சொல்லிக்கொண்டிருந்த அதிகாரி உடனே "லெட்" என்று கத்தினார்.

"இன்னாத்துக்கு பாப்பா நிறுத்திட்டாங்க?" என்றாள் அவள்.

"மேலேர்ந்து எதுனா வுழுந்தா அது செல்லாதுக்கா. அந்தப் பாயிண்ட்ட திரும்ப ஆடணும்."

"எது வுழுந்தாலுமா?"

"செருப்பு வுழுந்தாகூட."

அவள் சிரித்துக்கொண்டாள். அந்த ஆட்டத்தை நாங்கள் ஜெயித்தோம். மூன்றாவது ஆட்டம் சித்தப்பாவுடையது.

வீட்டில் பக்கத்திலிருக்கும் தண்ணீர்ச் சொம்பை எடுக்கக்கூட எழுந்திருக்காத மனிதர் அவர். "பாப்பா, அத்த இப்புடி தள்ளு" என்பார். அந்த மனிதரா இவர்! மூலைக்குப் போன பந்தை எடுக்க ஓடினார் என்று சொல்ல முடியாது. பந்து போகுமுன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார். பந்து சுவரில் படும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சுக்குள் ஒரு கதவு படீரென்று சாத்திக்கொண்டது. பனை உயரம் இருந்த சிட்டி கிளப்காரர் அடித்தால் சுவரில் கறுப்புத் தடம் விழுந்தது. வாயைத் திறந்தவள் மூட மறந்துவிட்டேன். வாய்க்குள் இருந்த கடலை உருண்டை கோர்ட்டில் விழாதது ஆண்டவர் கிருபை.

அந்த நாளில் சர்வீஸ் போடுபவருக்கு மட்டும்தான் பாயிண்ட். மற்றவர் ஜெயித்தால் சர்வீஸ் கைமாறும், அவ்வளவுதான். டூல் ரூம்காரர்களுக்கு இது பிடிபடவே இல்லை. "இன்னா சார் கணக்கு இது? அவன் அடிச்சா ஒண்ணு, எங்காளு அடிச்சா சைபரா?" என்று ஒருவர் சண்டைக்கே போய்விட்டார். "உடாத மாமே! செவுத்த ஒடச்சி உடு!" என்று இன்னொருவர் கைப்பிடிச் சுவரைக் குத்தினார்.

ஆளுக்கு இரண்டு செட். கடைசி செட்டில் எட்டுக்கு எட்டு. சர்வீஸ் சிட்டி கிளப்காரர் கையில். ஒன்பதோடு முடிப்பதா, பத்துவரை போவதா என்று தீர்மானிக்கும் உரிமை அப்போது எதிரில் நிற்பவருக்கு. பத்து என்றால் ஒரு பாயிண்ட் போனாலும் மூச்சு வாங்க இடமிருக்கும். சித்தப்பா வியர்த்த உள்ளங்கையைச் சுவரில் துடைத்தார். நிமிர்ந்து பார்க்காமல், "ஒம்பது" என்றார்.

அப்பா தலையில் கை வைத்தார். கார்டு "ம்" என்றார்.

அந்தப் பாயிண்ட் முடியவே இல்லை. முன்னால், பின்னால், இந்த மூலை, அந்த மூலை. கத்திக்கொண்டிருந்த டூல் ரூமே அடங்கிவிட்டது. இரண்டு பேரின் மூச்சும் ஷூவின் கிறீச்சும் மட்டும் மேலே வந்தன. நான் கோயிலில்கூட அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. திடீரென்று சித்தப்பாவுக்கு வழுக்கியது. மல்லாந்து விழுந்தபடியே மட்டையை நீட்டினார். பந்து மட்டையில் பட்டு, சுவரைத் தொட்டு, சோம்பலாக மேலெழும்பியது. காலியான கோர்ட். சிட்டி கிளப்காரர் நிதானமாகக் கையை ஓங்கினார்.

நான் கண்ணை இறுக மூடினேன். 'ஆண்டவரே, இத மட்டும் நிறுத்தும். ஒரு மாசம் சேமியா ஐஸ் துன்ன மாட்டேன்.'

"லெட்!"

கண்ணைத் திறந்தேன். கோர்ட்டின் நட்டநடுவில் ஊதாக் கரை போட்ட கைக்குட்டை கிடந்தது.

"கைல இருக்கறதப் புடிச்சிக்கத் தெரியாதா ஒனக்கு?" என்று கார்டு மகளைக் கடிந்தார்.

"காத்துல பறந்துட்ச்சி நைனா" என்றாள் அவள். பாவம், அவள் முகம் சிவந்திருந்தது. வெறும் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். அவளும் என்னோடு சேர்ந்து ஜெபித்திருக்கிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

சித்தப்பா எழுந்து வந்து கைக்குட்டையை எடுத்தார். மேலே பார்த்தார். அதைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாடமே விசிலடித்தது. அந்தப் பாயிண்ட்டைத் திரும்ப ஆடினார்கள். சித்தப்பா ஜெயித்து சர்வீஸை வாங்கினார். அடுத்ததிலும் ஜெயித்தார். ஒன்பது.

கார்டு படியிறங்கி வந்து அவர் தோளைத் தட்டினார். "தோத்ததே இல்லேன்னது பொய்யின்னு தெரியும் மாப்ளே. ஆனா நல்லா ஆடறீங்க." மாப்ளே என்ற ஒரு சொல்லில் அம்மா சந்தோஷம் தாங்காமல் என்னைக் கிள்ளிவிட்டாள்.

நேர்ந்துகொண்டபடி ஒரு மாதம் நான் சேமியா ஐஸைத் தொடவில்லை. அந்த ஒரு மாதமும் விடாத மழை. ஐஸ்காரர் எங்கள் பக்கம் வரவேயில்லை என்பது வேறு விஷயம்.

கல்யாணம் முடிந்த வருடம், ஓய்வுநாள் பள்ளி ஆண்டு விழாவில் சாட்சி சொல்ல என்னை மேடையேற்றினார்கள். முழுக் கதையையும் சொன்னேன். "நான் கண்ண மூடி ஜெபிச்சேன். உடனே ஆண்டவர், எங்க சித்தி கையில இருந்த கர்சீப்ப தட்டிவிட்டார்!" சபை முழுவதும் "ஆமென்" என்றது. முன்வரிசையில் சித்தப்பா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சித்தி, அதே ஊதாக் கரைக் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். தோள்கள் இரண்டும் குலுங்கின.

சித்திக்கு இத்தனை பக்தியா என்று எனக்கே கண் கலங்கிவிட்டது. மேடையிலிருந்து இறங்கியதும் நேரே ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாத சித்தி. அதான் ஜெயிச்சிட்டமே."