இரண்டு விரல் துணி

வீடு மாறிப் போன ஒரு வாடிக்கையாளர், தைத்த துணிகளை வாங்கிக்கொண்டு நான்கு கோழிகளை விட்டுவிட்டுப் போனார். ரெண்டே நாள் என்று சொன்னவர் அப்புறம் தலைகாட்டவே இல்லை. தையல்காரருக்கு ஒரு சாண் வெட்டுத்துணியைக்கூட எறிய மனம் வராது. கோழிகளை எங்கே எறிவார்? கொல்லைப்புறத்தில் பழைய அலமாரியைச் சாய்த்துக் கூண்டாக்கினார். துணி காயப்போடும் இடத்தில் இதென்ன கூத்து என்று அவர் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். முட்டை வர ஆரம்பித்ததும் முகம் கொஞ்சம் இறங்கியது.

நான்கில் ஒன்றுக்கு மட்டும் செம்பழுப்பு இறகின் ஒவ்வொரு நுனியிலும் வெள்ளைப் புள்ளி. தீவனக் கடைக்காரரிடம் அதே மாதிரி ஒரு சேவல் இருப்பதைப் பார்த்தவர், கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்துவிட்டார். பொரித்த ஒன்பது குஞ்சில் இரண்டுக்குத்தான் முழுப் புள்ளி. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு அவரை விடவே இல்லை.

எது எந்தத் தாயின் குஞ்சு என்று தெரிய, காலில் கலர் நூல் கட்டினார். புள்ளிக்கோழியின் வாரிசுக்குச் சிவப்பு. தளர்வாகக் கட்டினால் கழன்றுவிடும் என்று கச்சிதமாகக் கட்டி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறுத்து மாற்றுவார். மூன்று வருடத்தில் அறுபது உருப்படி, நான்கு கூண்டு. துணிக்கொடி மாடிக்குப் போனது. அடைவைக்க முட்டை கேட்டுத் தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். திட்டிக்கொண்டே இருந்த மனைவிக்குத்தான் நூல் கணக்கு அவரைவிட நன்றாகத் தெரியும்.

ஒருநாள் கம்பிவலைக்கு அடியில் மண்ணைத் தோண்டி நுழைந்த நாய் புள்ளிச் சேவலைக் கொன்றுவிட்டது. மீதியில் முழுப் புள்ளியோடு இருந்த ஆண் ஒன்றே ஒன்று. சிவப்பு நூல் கட்டிய, இரண்டு மாதக் குஞ்சு. அதுவும் போனால் மூன்று வருடப் பாடும் அத்தோடு சரி.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடச் சீருடை வேலை வந்து குவிந்தது. தையல்காரருக்குத் தலை நிமிர நேரமில்லை. தீனி வைப்பது மனைவி பொறுப்பானது.

"ஏங்க, செவப்பு நூல்காரன் ஒரு காலத் தூக்கிக்கிட்டே நிக்கிறான்."

சுளுக்காக இருக்கும், இந்தச் சீருடைக் கட்டு முடியட்டும் என்றார். அதையே நான்கு நாள் சொன்னார்.

ஐந்தாம் நாள் மனைவி குஞ்சைக் கொண்டுவந்து மிஷின் மேலேயே வைத்துவிட்டார். நூல் சதைக்குள் புதைந்திருந்தது. கால் வீங்கி இரண்டு பங்காகியிருந்தது. சட்டை கிழிந்தாலும் அவர் தைத்த பொத்தான் போகாது என்று ஊரே சொல்லும். அதே முடிச்சுதான் இதுவும். வளரும் பிள்ளை என்று ஒவ்வொரு சீருடையிலும் இரண்டு விரல் துணி உள்ளே மடித்துத் தைக்கிற மனிதர், வளர்கிற காலை மறந்துவிட்டார். தன்மேல் அவருக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

தையல் பிரிக்கும் கத்தியை எடுத்தார். நூலருகே கொண்டுபோனவர் திரும்ப மிஷின் மேலேயே வைத்துவிட்டார்.

"நீங்க புடிங்க. நான் அறுக்கிறேன்" என்றார் மனைவி. அறுத்தும் விட்டார்.

கால்நடை மருத்துவர் புண்ணைக் கழுவி மருந்து போட்டார். பிழைத்துக்கொள்ளும், ஆனால் கால் முழுசாக ஊன்றாது, பெட்டைமேல் ஏறி நிற்க முடியாது, இதனிடம் குஞ்சை எதிர்பார்க்க வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் எல்லாக் கால்களிலிருந்தும் நூலை அறுத்துப் போட்டுவிட்டு, எலாஸ்டிக்கில் தொளதொளவென்று வளையம் தைத்து மாட்டினார் தையல்காரர். கழன்றால் கழலட்டும் என்று விட்டுவிட்டார்.

சேவல் நொண்டிக்கொண்டே வளர்ந்தது. வைக்கோலைக் கனமாகப் பரப்பி மூன்று பெட்டைகளோடு விட்டார்கள். முதல் ஈடாக அடைவைத்த பன்னிரண்டு முட்டையும் கூமுட்டை, ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. மருத்துவர் சொன்னது சரிதான் என்று தையல்காரர் மனசை விட்டுவிட்டார். அதன்பிறகு அந்தக் கூண்டுப் பக்கம் போவதே இல்லை. மனைவி மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த ஈட்டையும் அடைவைத்தார்.

எட்டாம் நாள் மத்தியானம் தையல் அறையின் ஜன்னல்களைச் சாத்தி, மிஷின் விளக்கைப் போட்டு, ஒரு முட்டையை அதன்மேல் பிடித்துக்கொண்டு கணவரைக் கூப்பிட்டார். தையல்காரர் குனிந்து பார்த்தார். நடுவில் ஒரு கரும்புள்ளியாகக் கரு. அதைச் சுற்றிலும் மெல்லிய சிவப்பு நூல்களாக நரம்பு ஓடியிருந்தது.

அவர் கண் கலங்கிவிட்டது. மனைவி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் முட்டையை முந்தானையில் பொதிந்துகொண்டார்.

"இந்த நூலுக்காவது முடிச்சுப் போடாம இருங்க" என்றார்.