ஷிமோசோனோவின் மூன்று களிமண்

வலது கையை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்து, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு, யாரோ ஒருவருடைய காரின் பானெட்டைத் தடவிக்கொண்டிருக்கிறார் ஷிமோசோனோ. காருக்குச் சொந்தக்காரர் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நோயாளியைப் போலத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்.

"சொரசொரன்னு இருக்கு. பயப்படாதீங்க, மேலாப்புலதான். வண்டிய எங்க நிறுத்துறீங்க?"

"டிராம் தண்டவாளத்துக்குப் பக்கத்துல."

"அதான பாத்தேன். இரும்புத் தூள். பிரேக் போடறப்பப் பறந்து வந்து பெயிண்ட்ல குத்திக்கிட்டு உக்காந்துருது. மெல்லிசு போதும்."

மெல்லிசு என்பது களிமண். எத்தனை முறை கழுவினாலும் போகாமல் பெயிண்டில் கடித்துக்கொண்டிருக்கும் அழுக்கைப் பிடுங்கி எடுப்பதற்கென்றே வரும் களிமண். சோப்புக் கட்டி அளவு இருக்கும். ககோஷிமாவில் ஆணி முதல் நாய்ச் சங்கிலி வரை விற்கும் எங்கள் கடையில் அது மூன்று வகை. நீலம் மெல்லிசு, பச்சை நடுத்தரம், சிவப்பு முரடு. முப்பது வருடங்களாக அந்த அலமாரிக்கு முன்னால் நிற்கிறார் ஷிமோசோனோ. குட்டையான மனிதர், வயது ஐம்பத்தாறு, கோபம் வந்தால் காது மட்டும் சிவக்கும்.

நான் தோட்டப் பிரிவில் உர மூட்டை விற்கிறேன். களிமண் கேட்டு வருகிறவர்களை வாசல் கவுன்ட்டரில் எங்கள் இருவரில் யாரிடமாவது தள்ளிவிடுவார்கள். தாமரைத் தொட்டிக்கு மண் தேடி வந்த ஓர் அம்மாளுக்கு அரை மணி நேரம் மெல்லிசுக்கும் நடுத்தரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கியிருக்கிறார் இவர். முடிவில் அந்த அம்மாள், "அப்ப என் தாமரைக்கு எது ஒத்துக்கும்?" என்று கேட்டார். ஷிமோசோனோ நெற்றியைச் சுருக்கி, "என்ன கலருங்க?" என்றாராம்.

பிளாஸ்டிக் பை இருந்தால் விரலுக்குப் பத்து மடங்கு கூர்மை வந்துவிடும் என்பது அவர் கட்சி. பையோடு அவர் தடவாத பொருள் கடையில் இல்லை. வீட்டில் அதற்குத் தடை. திருமண நாளன்று மனைவி சச்சியோவின் கன்னத்தைப் பைக்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "நடுத்தரம்" என்று சொல்லியிருக்கிறார். "மூணு நாள் எனக்கு சோறு மட்டும்தான் கிடைச்சுது. தொட்டுக்க ஒண்ணுமில்ல. சும்மா சொல்லக்கூடாது, அவ சொன்னபடி செய்யறவ" என்று பெருமையாகத்தான் சொல்வார்.

இவரிடம் ஒரே ஒரு குறை. களிமண் விற்கும் இந்த மனிதர் முக்கால்வாசிப் பேரைக் களிமண் வாங்க விடாமல் திருப்பி அனுப்பிவிடுவார். விரிகுடாவுக்கு எதிர்ப்பக்கம் எரிமலை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஊரெல்லாம் சாம்பல். "சாம்பல் இருக்கறப்ப களிமண்ணத் தேச்சா அது உப்புத்தாளுங்க. வண்டிய மலை கீறல, நீங்கதான் கீறுறீங்க. போயி மொதல்ல தண்ணி ஊத்துங்க. அதுக்கப்புறமும் உறுத்துனா வாங்க." அவர்களும் போய்விடுவார்கள். தண்ணீர் ஊற்றினால் பலருக்கு உறுத்தாது.

இந்த ஜூலையில் ஃபுகுவோகா தலைமை அலுவலகத்திலிருந்து குரோகி என்ற அதிகாரி வந்தார். முப்பது வயதுப் பெண்மணி, கறுப்புக் கார், கையில் கணினிப் பலகை.

"போன மாசம் பதினோரு பேர் களிமண் கேட்டு வந்திருக்காங்க. ஒன்பது பேரை வெறுங்கையோட அனுப்பியிருக்கீங்க, ஷிமோசோனோ-சான்."

"ரெண்டு பேருக்குத்தான் தேவைப்பட்டுதுங்க."

"இனிமே மூணு வகை கிடையாது. எல்லாக் கடையிலயும் ஒண்ணுதான். சிவப்புன்னு முடிவு பண்ணியிருக்கோம். ரெண்டு தேய் தேச்சா வேலை முடியுது, ஜனங்களுக்கு அதான் பிடிக்குது."

ஷிமோசோனோவின் காது சிவந்தது. "சிவப்பா? கறுப்பு வண்டியில அதத் தேச்சா பூனை சறுக்கு விளையாடுன மாதிரி ஆயிடுங்க."

"என் வண்டி கறுப்புதான். காட்டுங்க பார்ப்போம்" என்றார் குரோகி.

கடைக்குள் ஆள் இல்லாமல் போய்விட்டது. எல்லோரும் வண்டி நிறுத்துமிடத்தில். ஷிமோசோனோ காரைக் கழுவினார். பானெட்டை டேப் ஒட்டி மூன்றாகப் பிரித்தார். வழுக்கு நீர் தெளித்து, நீலக் களிமண்ணை நேர்க்கோடாக, குழந்தைக்கு முதுகு தடவுவதுபோல ஓட்டினார். பிறகு பச்சை. சிவப்பு வந்தபோது நின்றுவிட்டார்.

"கை வரலைங்க."

"தேய்ங்க."

தேய்த்தார். உள்ளங்கை அகலத்துக்குத்தான். துடைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் மூச்சு விட்ட கண்ணாடிபோல மங்கியிருந்தது. குரோகி குனிந்து பார்த்தார். "இதையா ஊரெல்லாம் விக்கப் பார்த்தோம்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மலை வெடித்தது. கடைக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தன. கறுத்த புகை எழும்பி, நேராக எங்கள் பக்கம் சாய்ந்தது. மேலாளர் ஹமசாக்கி, "எல்லாரும் உள்ள ஓடுங்க!" என்று கத்தினார். குரோகி கணினிப் பலகையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு ஓடினார். ஷிமோசோனோ ஓடவில்லை.

"ஈரமா இருக்கு! அப்படியே அப்பிக்கும்! எதாவது துணி கொண்டாங்க!"

நான் செடிகளை மூடும் துணிச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஓடி, அது காலில் சுற்றி, வாசலிலேயே விழுந்தேன். நான் எழுந்து பார்க்கும்போது ஷிமோசோனோ பெல்ட்டைக் கழற்றி எறிந்துகொண்டிருந்தார். அடுத்து, மார்பிலிருந்த பெயர் அட்டை. கீறக்கூடியது எதுவும் உடம்பில் இல்லையென்று தடவிப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, பானெட்டின்மேல் குப்புறப் படுத்துவிட்டார்.

"ஷிமோசோனோ! உள்ள வாய்யா!" என்றார் மேலாளர்.

"முடியாது!"

"சாம்பலுய்யா!"

"அதுக்குத்தான படுத்திருக்கேன்!"

சாம்பல் கொட்டியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருபது பேர் வரிசையாக நின்று, காரோடு காராக அவர் நிறம் மாறுவதைப் பார்த்தோம். பெல்ட் இல்லாத கால்சட்டை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கையை எடுத்து அதைத் தூக்கிவிட்டுக்கொள்ள அவர் முயலவேயில்லை. ஒரு கிழவர் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து, "பாவம், காத்தாவது நிக்கலாம்" என்றார்.

கால் மணி நேரத்தில் ஓய்ந்தது. ஷிமோசோனோ அங்குலம் அங்குலமாக எழுந்து, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி, ஐந்தடி பின்வாங்கி நின்றார். மாவில் புரட்டிய மீன்போல இருந்தார். கண் மட்டும் தெரிந்தது.

"நீ தண்ணி ஊத்து" என்றார் என்னிடம். "கையால தொடாத! துடைக்காத! தண்ணி மட்டும்! மேலயிருந்து கீழ! நீ என்ன, செடிக்கா ஊத்துற?"

ஊற்றினேன். சாம்பல் வழிந்து ஓடியது. அவர் படுத்திருந்த இடம் கறுப்பாக, ஈரமாக, அப்படியே இருந்தது. குரோகி ஒரு பிளாஸ்டிக் பையைக் கேட்டு வாங்கிக் கையில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தடவினார். பச்சையில் கொஞ்ச நேரம் நின்றார். மறுபடி நீலத்துக்குப் போனார்.

"நீலம்" என்றார் கண்ணைத் திறந்து. "எல்லாக் கடைக்கும் நீலம்னு சொல்லிடறேன். ஆனா இனிமேலாவது வர்றவங்களுக்கு வித்துத் தொலைங்க."

"தேவைப்பட்டா விக்கிறேங்க."

குரோகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களத் திருத்த முடியாது. மொதல்ல நீங்க உதறிக்கோங்க."

"சரிங்க" என்றாரே தவிர, அசையவில்லை. "சிவப்புத் தேச்ச எடத்துக்கு அடுத்த தடவ வர்றப்ப மெருகு போட்டுத் தர்றேன். கண்ணாடியில சாம்பல் விழுந்தா வைப்பர் மட்டும் போட்றாதீங்க."

கார் கிளம்பியது. மேலாளரோடு நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று குனிந்து வணங்கினோம். ஷிமோசோனோ மட்டும் கம்பம்போல விறைத்து நின்றார். மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு, "குனிய்யா, தலைமை அலுவலகம்யா" என்று முழங்கையால் இடித்தார். இடித்த இடத்திலிருந்து கொஞ்சம் சாம்பல் உதிர்ந்தது. ஷிமோசோனோ பதறிப்போய் இன்னும் விறைத்தார்.

கார் சிக்னலில் திரும்பி மறைந்தது. அவர் எச்சில் தொட்ட விரலைத் தூக்கிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். கால்சட்டையைப் பிடித்தபடி, நிறுத்தியிருந்த வண்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசி வண்டிக்கும் பத்தடி அப்பால் போய் நின்றார். அங்கே, காலிச் சாலையைப் பார்த்து, இடுப்பு மடியக் குனிந்து வணங்கினார். சாம்பல் பொலபொலவென்று கொட்டியது.